வேணாம் என்பதற்குக் கூலி

எங்கள் ஊர் கடப்பாக்கம். ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிற எல்லோரும் எங்கள் ஊரைத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் கடந்திருப்பீர்கள். சிலர் மட்டும் ஆலம்பரைக் கோட்டைப் பலகையைப் பார்த்துக் கடல் பக்கமாகத் திரும்புவார்கள். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்து, 1760இல் ஆங்கிலேயர் இடித்துப்போட்ட கோட்டை. சுவரை ஒட்டிக் கழி. கழிக்கு அந்தப் பக்கம் மணல்திட்டு, அதையும் தாண்டினால் கடல்.

பெரியப்பா அங்கே படகு ஓட்டினார். மற்ற நாளில் மீன், ஞாயிற்றுக்கிழமையில் சுற்றுலாக்காரர்கள். கழியைக் கடந்து மணல்திட்டில் இறக்கிவிட வேண்டும், ஒரு மணி நேரம் கழித்துக் கூட்டிவர வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் எட்டாவது படித்தபோது ஒரு கார்த்திகை மாதம் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மழை விட்டு நல்ல வெயில்.

"இன்னிக்கு வேணாம் சார். ரெண்டு நாளா மழத்தண்ணி எறங்குது. முகத்துவாரத்துப் பக்கம் இழுப்பு ஜாஸ்தி."

"டபுளா தர்றேன்பா."

"காசுக்கு இல்ல சார்."

அவர்கள் பக்கத்துப் படகில் ஏறிப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். இறங்கும்போது அந்த அப்பா பெரியப்பாவைப் பார்த்துக் கையாட்டினார். அன்று இரவு பெரியம்மா கேட்டார்: "அவன் போயிட்டு வந்துட்டானே, ஒனக்கு மட்டும் என்ன?" பெரியப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவரிடம் என்ன பதில் இருக்க முடியும்? அவர் சொன்னது சரி என்று நிரூபணமாக வேண்டுமென்றால் ஒரு பிள்ளை செத்திருக்க வேண்டும்.

இருபது வருடம் கழித்து நான் அந்தச் சென்னைக்கார அப்பாவின் இடத்தில் நின்றேன். கடலில் இல்லை, மலையில்.

ஹிமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் பெரிய இமாலயத் தேசியப் பூங்கா இருக்கிறது. 754 சதுர கிலோமீட்டர். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உள்ளே ரோடு கிடையாது. தீர்த்தன் ஆற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துதான் ஏற வேண்டும். ஏழு நாள் பேக்கேஜ். நாங்கள் எட்டுப் பேர், அதில் ஆறு பேர் ஐ.டி. கூட ஒரு வழிகாட்டி, ஒரு சமையல்காரர், நான்கு சுமைதூக்கிகள். ஆறு பேருமே பூங்காவை ஒட்டிய கிராமத்துக்காரர்கள். முதல் நான்கு நாளைப் பற்றி நான் எழுதினால் அழகாகத்தான் வரும், அதனால் எழுதப் போவதில்லை. அப்படி எழுதப்பட்ட கட்டுரைகள் தமிழில் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. தேவதாரு, பனி, தனிமை, 'என்னை நான் கண்டுகொண்டேன்.' அந்தக் கட்டுரைகளில் மூட்டை தானாகவே மலை ஏறிவிடும்.

ஐந்தாம் நாள் மதியம் ஒரு ஓடையில் வந்து நின்றோம். போன வாரம் போட்டிருந்த மரப்பாலம் அடித்துக்கொண்டு போயிருந்தது. வழிகாட்டி தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இங்கேயே கூடாரம் போடலாம் என்றார். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், மதியத்துக்கு மேல் ஓடை வீங்கும், ராத்திரி குளிரில் உருகுவது நிற்கும், விடியற்காலையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும், அப்போது கடக்கலாம் என்று விளக்கினார். எஞ்சினியரிங் படித்த எட்டாவது நிமிடத்தில் புரிய வேண்டிய விஷயம். ஆனால் ஒரு நாள் போய்விடும். சண்டிகரிலிருந்து ஃபிளைட் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. லீவு ஞாயிறோடு முடிகிறது.

என் அரைகுறை இந்தியில் நான்தான் பேசினேன். "பையா, நாங்கள் இதற்காகத்தான் பணம் கட்டியிருக்கிறோம்." அரை மணி நேரம் பேசியிருப்பேன். ஆபீஸில் டெட்லைனுக்காகப் பேசுகிற அதே குரல். அவர் கடைசியில் கயிற்றை எடுத்தார்.

நாங்கள் எட்டுப் பேரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்துவிட்டோம். மூன்றாவதாக மூட்டையோடு வந்த சுமைதூக்கிக்குக் கால் வழுக்கியது. பத்தடி தூரம் அடித்துக்கொண்டு போய் ஒரு பாறையில் மோதி நின்றார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது மணிக்கட்டு உடைந்தது. சீசன் தொடங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. உடைந்த கையோடு மூட்டை தூக்க முடியாது, மூட்டை தூக்காதவருக்குக் கூலி கிடையாது. நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஆறாயிரம் ரூபாய் கொடுத்தோம். கொடுத்தபோது எங்களைப் பற்றி எங்களுக்கே ரொம்ப நல்ல அபிப்பிராயம் இருந்தது. ஊருக்குத் திரும்பி ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

கடைசி நாள் டீக்கடையில் வழிகாட்டியிடம் கேட்டேன், தெரிந்திருந்தும் ஏன் சரியென்றீர்கள் என்று. திட்டப்படி முடியாத நாளுக்குக் கம்பெனி பாதிக் கூலிதான் தரும், அவருக்கு மட்டும் இல்லை, ஆறு பேருக்கும். போதாக்குறைக்கு ஒருத்தர் மோசமாக எழுதினால் அடுத்த குழு கிடைக்காது. இதைக் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

நான் சொல்ல வருவது இதுதான். வேண்டாம் என்று சொல்லக் கூலி இல்லாதவர் வழிகாட்டி இல்லை, நம்மோடு கூட வருகிற வேலையாள். 'அனுபவம் வாய்ந்த உள்ளூர் வழிகாட்டியுடன்' என்று விளம்பரத்தில் போட்டு நமக்கு விற்பது அவருடைய அறிவை என்று நினைக்கிறோம். அந்த அறிவில் பாதி, எப்போது போகக் கூடாது என்பது. அந்தப் பாதியைத்தான் அவர் வாயைத் திறந்து சொல்ல முடியாதபடி பேக்கேஜ் கட்டியிருக்கிறார்கள். நாமும் அதைத்தான் வாங்குகிறோம்.

விபத்து நடந்தால் மட்டும் பேசுவோம். 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. காய்ந்த புல் சரிவு, காற்று, தீ. மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம், உத்தராகண்டில் சஹஸ்த்ர தால் பாதையில் பனிப்புயலில் சிக்கி, கர்நாடகத்திலிருந்து போன குழுவில் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த இடங்களில் யார் என்ன சொன்னார்கள், யார் கேட்கவில்லை என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. அதற்குப் பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் கேட்கிறேன். குரங்கணிக்குப் பிறகு தடை வந்தது, விதிமுறைகள் வந்தன, 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு அரசே ஆன்லைன் புக்கிங் தொடங்கியது. மலைக்கிராமத்து இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம், நானும் புக் பண்ணி நடந்திருக்கிறேன். ஆனால் 'வழிகாட்டி கட்டாயம்' என்கிற வரிக்கும் 'வழிகாட்டி சொன்னால் திரும்புவது கட்டாயம், அன்றைக்கும் அவருக்கு முழுக்கூலி' என்கிற வரிக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. இரண்டாவது வரி நம் யார் வாயிலும் வருவதில்லை.

இது ஏழை வழிகாட்டிகளுக்கு மட்டும் வருகிற நெருக்கடியும் இல்லை. 1996 மே மாதம் எவரெஸ்ட்டில், பிற்பகல் இரண்டு மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று பேச்சு இருந்தும் பலர் மேலே போய்க்கொண்டே இருந்தார்கள். அந்தப் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். உலகப் புகழ் பெற்ற இரண்டு குழுத் தலைவர்கள் அதில் உண்டு. பெருந்தொகை கட்டி வந்தவரிடம் 'திரும்பு' என்று சொல்வது அவர்களுக்கே கஷ்டமாக இருந்திருக்கிறது. தினக்கூலிக்காரர் எப்படிச் சொல்வார்?

சொல்ல முடியும், சேர்ந்து நின்றால். 2014 ஏப்ரல் 18, அதே எவரெஸ்ட்டில் கும்பு பனியாற்றில் பனிச்சரிவு விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அரசு முதலில் அறிவித்த உதவித்தொகை, குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் இந்த வருஷம் ஏற மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கோடிக்கணக்கில் பணம் கட்டி வந்த குழுக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போயின. மலையில் நான் கேள்விப்பட்ட மிக உரத்த 'வேணாம்' அது. அதற்குப் பதினாறு பேர் சாக வேண்டியிருந்தது.

தீர்த்தன் பள்ளத்தாக்கு வழிகாட்டிக்கு அந்த பலம் இல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காடு அவர் அப்பாவுக்கு மேய்ச்சல் நிலம். ஆடு ஓட்டினார்கள், மூலிகை பறித்தார்கள், வசந்தத்தில் குச்சி என்கிற காட்டுக்காளான் எடுத்து விற்றார்கள். 1999இல் தேசியப் பூங்கா என்று முறைப்படி அறிவித்தபோது பூங்கா எல்லைக்குள் அந்த உரிமைகள் முடிந்தன. வரையாடும் ஜுஜுரானா பறவையும் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோடு நுழையக் கூடாத மலைக்குள் அவர் இன்றைக்கு நுழைய எளிய வழி, என் மூட்டையோடு நுழைவதுதான். நாம் 'மனிதக் காலடி படாத காடு' என்று ஸ்டேட்டஸ் போடுகிற இடத்தில் அவருக்கு ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் தெரிகிறது. வேறு பிழைப்பு இருக்கிறவர்தான் தைரியமாக மறுக்க முடியும். பெரியப்பாவால் அன்றைக்கு மறுக்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய நேர்மை மட்டும் இல்லை. மறுநாள் போட வலை இருந்தது.

வழிகாட்டுவது என்பதைத் தமிழ் இவ்வளவு மலிவாக நினைத்ததில்லை. அதற்கென்று ஆற்றுப்படை என ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் எங்கள் ஊர்க்காரர், இடைக்கழிநாட்டு நல்லூர். எங்கள் பேரூராட்சியின் பெயர் இன்றைக்கும் இடைக்கழிநாடுதான். மலைபடுகடாம் இன்னும் நேராக மலைப்பாதைக்கே வருகிறது. நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு, ஏற்கெனவே போய்வந்தவர் வழி சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு எந்தக் குழியில் கிடக்கும், புனம் காப்பவர்கள் வீசும் கவண்கல்லிலிருந்து எப்படித் தப்புவது, பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. அழகு உண்டு, கூடவே ஆபத்தும் ஒளிவுமறைவில்லாமல் உண்டு. ஏன் அவரால் அப்படிச் சொல்ல முடிகிறது? அவர் பரிசை ஏற்கெனவே வாங்கிவிட்டார். கேட்கிறவர் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. அந்தப் பாட்டில் வருகிற மலைவாசிகள் வந்தவர்களுக்குச் சோறு போடுகிறார்கள், யாருடைய மூட்டையையும் தூக்குவதில்லை.

இதை நண்பர்களிடம் சொன்னபோது உடனே ஒரு கேள்வி வந்தது. திரும்பினாலும் முழுக்கூலி என்றால் எல்லா வழிகாட்டியும் முதல் மழைக்கே திரும்பிவிட மாட்டானா? கேட்டவர் என்னைப் போல ப்ரொடக்ஷன் சர்வர்களைக் கட்டி மேய்ப்பவர். ராத்திரி இரண்டு மணிக்கு ரிலீஸில் ஏதோ சரியில்லை என்று பட்டால் ரோல்பேக் செய்ய எங்கள் டீமில் போன வருடம் சேர்ந்த பெண்ணுக்கும் அதிகாரம் உண்டு. காலையில் யாரும் அவள் சம்பளத்தைப் பாதியாக வெட்டுவதில்லை. தேவையில்லாமல் பண்ணிவிட்டாள் என்று தெரிந்தாலும் வெட்டுவதில்லை. அதற்காக அவள் தினமும் ரோல்பேக் பண்ணிக்கொண்டா இருக்கிறாள்? ஏ.சி. அறையில் சர்வருக்குக் கொடுக்கிற பாதுகாப்பை ஓடைக்கரையில் மனிதனுக்குக் கொடுக்க மட்டும் நமக்கு ஏன் இவ்வளவு சந்தேகம்?

செலவு கூடும் என்றார் இன்னொருவர். கூடும். ஆறு பேரின் ஒரு நாள் கூலியை எட்டுப் பேர் பிரித்துக்கொண்டால் நான் அந்தப் பயணத்துக்காக வாங்கிய ஷூவின் விலையில் பாதிகூட வராது.

அதனால் அடுத்த முறை புக் பண்ணும் முன்னால் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். பாதியில் திரும்பினால் வழிகாட்டிக்கும் சுமைதூக்கிக்கும் முழுக்கூலி உண்டா? திட்டத்தில் சும்மா இருக்க ஒரு நாள் விட்டிருக்கிறீர்களா? சுமைதூக்கிக்கு அடிபட்டால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் சேர்த்துக் காப்பீடு உண்டா? 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் இல்லை என்று அர்த்தம். போகாதீர்கள். திரும்பி வந்தவர்களும் எழுதுங்கள். எங்கள் வழிகாட்டி மூன்றாம் நாளே எங்களைத் திருப்பிவிட்டார், ஒன்றும் ஆகவில்லை, ஐந்து நட்சத்திரம் என்று எழுதுங்கள். அப்படி ஒரு விமர்சனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

நான் போட்ட ஐந்து நட்சத்திரத்தைப் போன மாதம் திருத்தினேன். ஓடையில் நடந்ததையும், அரை மணி நேரம் வாதாடியது யார் என்பதையும் எழுதினேன். சுமைதூக்கியின் வீட்டு விலாசத்தை வழிகாட்டி மூலம் வாங்கி, அந்த சீசனில் மீதியிருந்த நாட்களைக் கணக்குப் போட்டுக் கூலியை அனுப்பினேன். நான்கு வருடம் தாமதம்.

பெரியப்பா இப்போது படகு ஓட்டுவதில்லை. தீபாவளிக்குப் போனபோது இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தப் பையன் கை இப்ப சரியாயிடுச்சா?"