இறக்கத்தில் கியரை விலக்குதல்

மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பக்கம் தரை சமமானது. உப்பையோ சவுக்குக் கட்டையையோ டிரெயிலரில் ஏற்றிச் செல்லும் ஓட்டுநருக்கு அங்கே இறக்கம் பழக்கமில்லை. மலைவழியில் இறங்க நேரிடும்போதே அபாயம் தோன்றுகிறது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயில் 2024 ஜனவரியில் லாரி மோதி 4 பேர் மாண்டனர். அத்தகைய சரிவிலும் டீசல் மிச்சமாகுமென்று கியரை விலக்கி நியூட்ரலில் விடுவோர் உளர்.

அம்மிச்சம் பொய்க் கணக்கேயாம். கியரிலிருக்கையில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் சக்கரங்களே இஞ்சினைச் சுழற்றும். டீசல் செலவு ஏறக்குறைய நின்றுவிடும். நியூட்ரலிலோ இஞ்சின் சும்மா ஓடவும் டீசல் வேண்டும். வண்டியைத் தடுக்கும் வேலை முழுவதும் பிரேக்கின்மேல் விழ, அது சூடேறிப் பிடிப்பிழக்கும். டீசல் இஞ்சினின் தடுப்புச் சக்தி இயல்பில் சொற்பமாதலின், எக்ஸாஸ்ட் பிரேக் இருப்பின் அதையும் உபயோகித்தல் நலம். தாழ்ந்த கியருக்கு இறக்கம் தொடங்குமுன்பே மாறவேண்டும். வேகங்கொண்டபின் அது எளிதில் விழாது.

குற்றம் ஓட்டுநருடையது மாத்திரமன்று. டீசல் கணக்கை மட்டும் கேட்கும் சொந்தக்காரருக்கும் அதில் பங்குண்டு. உப்பளக் காற்றில் இரும்பு துருவேறுவதை அவர் அறியாதவரல்லர். எனினும் டிரெயிலரின் பிரேக்கைச் சோதிப்பவர் அரியர். அவ்வாறு சோதிக்கப்படாத வண்டியை மலைவழிக்கு அனுப்பலாகாது.