"இதெல்லாம் மெட்டலா?" என்று கேட்கும் காக்காமாருக்கு

நேற்று நம்ம வாட்ஸ்அப் குழுவில் ஏ.எல். படிக்கும் தம்பியொருவன் லிங்கின் பார்க் பாட்டொன்றைப் போட்டான். இரண்டே நிமிடத்தில் ஐந்து பேர் சிரிப்புப் பொம்மை. "இதெல்லாம் மெட்டலா?"

பாட்டு மூன்று நிமிடத்துக்கும் மேல்! கேட்காமலே தீர்ப்பு. தம்பி குழுவை விட்டே போய்விட்டான்.

காக்காமாரே, 1970இல் பிளாக் சபாத்தின் முதல் அல்பத்தையும் விமர்சகர்கள் பலர் இப்படித்தான் தூக்கியெறிந்தார்கள். இன்று மெட்டலின் தொடக்கம் என்று நீங்கள் சொல்வது அதைத்தான்.

இந்தோனேசியாவின் காரூட்டில் ஓர் ஆசிரியர் தன் மாணவிகளுக்கு சிஸ்டம் ஒஃப் எ டவுன் பாட்டை அறிமுகப்படுத்தினார். ஹிஜாப் அணிந்த அந்த மூன்று பிள்ளைகள்தான் வொய்ஸ் ஒஃப் பாசெப்ரோட். 2024இல் கிளாஸ்டன்பரி மேடையேறினார்கள். "உங்களுக்கு இது விளங்காது" என்று அவர் அன்று சிரித்திருந்தால்?

ஸ்டிக்மாட்டாவை நேரில் பார்க்க நாம் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டும். இந்தக் கரையில் இதைக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். அதிலும் ஒருவனைத் துரத்திவிட்டு யாரோடு பேசப் போகிறோம்?

பிடிக்கவில்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள், காரணத்தோடு. காரணமில்லாமல் நான் விடைத்தாளில் பிழை போட்டால் பெற்றோர் சும்மா விடுவார்களா?

தம்பி, திரும்பி வா. முழுதாகக் கேட்டேன். கிட்டார் பிடித்தது, கடைசிப் பகுதி இழுவை. அடுத்ததைப் போடு.