அடுத்தவர் மனம் அறியாத பிள்ளைகளா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு அடுத்தவர் மனசு புரியாது, அதனால் பாசமும் இருக்காது என்று படித்தவர்களே பெற்றோர் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 1985இல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃபிரித் மூவரும் வெளியிட்ட ஆய்வு. அந்த ஆய்வே இவ்வளவு தூரம் போகவில்லை.

சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறது. திரும்பி வரும் சாலி எங்கே தேடும்? கூடையில்தான், இடம் மாறியது அதற்குத் தெரியாதே. ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். மீதி நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரிடம் இருக்கும் திறனை, ஆட்டிசத்தில் அறவே இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

தவறியவர்கள் கதை வேறு. இந்தக் கேள்வியைப் பின்தொடரவே மொழி வேண்டும். மற்றப் பிள்ளைகளில் பாதிப் பேர் நான்கு வயதுக்குரிய சொல்திறனோடு தேறும் இத்தகைய தேர்வில், ஆட்டிசப் பிள்ளைகளில் பாதிப் பேர் தேற ஒன்பது வயதுக்குரிய சொல்திறன் தேவைப்படுகிறது என்று 1995இல் ஃபிரான்செஸ்கா ஹாப்பே காட்டினார். தாமதம் இருக்கிறது, மறுக்கவில்லை. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் பீட்டர்சனும் சீகலும் சோதித்த காது கேளாத பிள்ளைகளிலும் பலர் தவறினார்கள். ஆனால் சைகைமொழி பேசும் பெற்றோரிடம் வளர்ந்த காது கேளாத பிள்ளைகள் பின்தங்குவதில்லை என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. காது கேளாதவர்களுக்குப் பாசம் கிடையாது என்று யாராவது முடிவு கட்டினார்களா?

பாசத்தை அந்தத் தேர்வு அளக்கவே இல்லை. சாலி எங்கே தேடும் என்று ஊகிப்பது ஒன்று. சாலி அழுதால் நெஞ்சு பதறுவது இன்னொன்று.

புரியாமை ஒரு பக்கம் மட்டும்தான் என்பதும் தவறு. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012இல் இதை இருபக்கச் சிக்கல் என்றார். நமக்கும் அவர்கள் மனம் பிடிபடுவதில்லை. 2020இல் வெளியான எடின்பரோ ஆய்வில், ஒரு கதையை எட்டுப் பேர் வரிசையாக ஒருவர் அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசை, அது இல்லாதவர்களின் வரிசைக்குக் குறையாமல் கதையைக் கொண்டுசேர்த்தது.

ஆனால் கண்ணைப் பார், சிரி, கைகொடு என்று பயிற்சியெல்லாம் பிள்ளைக்கு மட்டுமே நடக்கிறது. மிக்ஸி சத்தம் தாங்காமல்தான் அது காதைப் பொத்துகிறது என்று கண்டுகொள்ளும் பயிற்சியை வீட்டிலும் வகுப்பிலும் உள்ள பெரியவர்களுக்கும் தெரபி மையங்கள் கட்டாயமாக்க வேண்டும்.