050 என்றால் ஐம்பதா, நாற்பதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். விடை தவறாக வந்தால் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். "நான்தான் எதையோ மாற்றி அழுத்திவிட்டேன் போலிருக்கிறது" என்பார்கள். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நாம் சரியாக டைப் செய்த எண்ணைக் கம்ப்யூட்டர் தவறாகப் படிப்பதும் உண்டு. நம்பிக்கை இல்லை என்றால் இப்போதே சோதித்துப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால், விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற சிறு கட்டத்தில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்பு விண்டோ திறக்கும். அதில் எஸ், இ, டி என்ற எழுத்துகளைச் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன் சாய்வுக் கோடும் அதை ஒட்டி ஏ என்ற எழுத்தும் அடியுங்கள். மறுபடி இடைவெளி விட்டு 050+050 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 100 வர வேண்டும் அல்லவா? 80 வரும். வைரஸ் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

காரணம் இதுதான். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அதை எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும்படி அந்தக் கட்டளையை எழுதியிருக்கிறார்கள். நாம் வழக்கமாக எழுதும் எண்களில் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு பத்து மடங்காகக் கூடும். எட்டின் அடிமானத்தில் எட்டு மடங்காகக் கூடும். ஆகவே 050 என்பது ஐந்து எட்டு, நாற்பது. இந்த முறையில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். 8, 9 என்ற பேச்சே இல்லை.

இந்தப் பாடத்தை நான் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. என் சித்தி மூலம்தான் உறைத்தது. அவர் தம் ஊரில் 20 பெண்கள் கொண்ட சுய உதவிக் குழுவின் பொருளாளர். வாரச் சந்தாவைக் கூட்டிப் பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று கேட்டார். எக்செல் இருக்கிறதே என்பீர்கள். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் அது இல்லை. வரிசையாக எண்களைத் தட்டினால் மொத்தம் வர வேண்டும், அவ்வளவுதான் தேவை. ஒரு மாலையில் சி மொழியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஐகானை இரட்டை கிளிக் செய்தால் கறுப்புத் திரை வரும். ஒவ்வோர் எண்ணாக அடித்து என்டர் தட்ட வேண்டும். பல மாதம் ஒரு குறையும் இல்லை.

பிறகு கணக்கைப் பார்க்க வந்த ஒருவர், "50 என்று எழுதினால் முன்னால் 1 போட்டு யாராவது 150 ஆக்கிவிடலாம். 050 என்று எழுதுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். சித்தி நோட்டிலும் அப்படியே எழுதினார், கம்ப்யூட்டரிலும் அப்படியே அடித்தார். அந்த வாரம் 12 பேர் 50 ரூபாய், 5 பேர் 80 ரூபாய், 3 பேர் 100 ரூபாய் கொடுத்திருந்தார்கள். மொத்தம் 1,300. என் புரோகிராம் 780 என்று காட்டியது. பெட்டியில் 520 ரூபாய் அதிகம்! மூன்று முறை பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் போன் செய்தார். "ஏன்டா, நான்தான் யார் பேரையோ விட்டுட்டேனா? இது ஊர்ப் பணம்டா" என்றார். குரல் நடுங்கியது. கம்ப்யூட்டர் தவறு செய்யும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் எழுதியது தவறாக இருக்கும் என்று எனக்கும் முதலில் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தவறு ஒரே ஒரு எழுத்தில் இருந்தது. கீபோர்டில் அடித்த இலக்கங்களை எண்ணாக மாற்ற சி மொழியில் தயாராக ஒரு பங்ஷன் உண்டு. எந்த அடிமானத்தில் படிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். 10 என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் 0 என்று கொடுத்திருந்தேன். 0 கொடுத்தால் "நீயே பார்த்து முடிவு செய்" என்று பொருள். அது 050-ஐ 40 என்று முடிவு செய்தது. 080-ல் நிலைமை இன்னும் மோசம். முதல் பூஜ்யத்தைப் படித்தது. அடுத்து வந்த 8 எட்டின் அடிமானத்தில் இல்லாத இலக்கம் என்பதால் அங்கேயே நின்றது. அதுவரை படித்த 0-ஐ விடையாகக் கொடுத்துவிட்டது. ஐந்து பேரின் 400 ரூபாய் சத்தமே இல்லாமல் காணாமல் போனது இப்படித்தான். எந்த இடத்தில் நின்றது என்பதையும் அந்தப் பங்ஷன் சொல்லும். நான்தான் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் பி என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய பிடிபி-7 இயந்திரம் 18 பிட் கொண்டது. 18 பிட்டை மும்மூன்றாகப் பிரித்தால் ஆறு எட்டின் அடிமான இலக்கங்களில் அழகாக எழுதிவிடலாம். அவருக்கு அது வசதி. பூஜ்யத்தை முன்னால் போடும் குறியீடு அங்கிருந்து டென்னிஸ் ரிட்சியின் சி மொழிக்கு வந்தது. சி-யிலிருந்து பலவற்றுக்கும் பரவி, இன்று கமாண்ட் பிராம்ப்ட் வரை வந்து நிற்கிறது. அதே பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் லோரிண்டா செர்ரியும் எழுதிய பி.சி. என்ற கணக்குக் கருவி 050-ஐ ஐம்பது என்றே படிக்கும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் அதையும், பாஷ் ஷெல்லில் உள்ள கணக்கு வசதியையும் அடுத்தடுத்துச் சோதிக்கலாம். ஒரே கம்ப்யூட்டர், ஒரே எண், இரண்டு விடை!

இயந்திரத்தை வடிவமைப்பவருக்கு வசதியான குறியீட்டை வீட்டில் கணக்குப் போடுகிறவர் தலையில் கட்டக் கூடாது என்பது என் கருத்து. "அது ஸ்டாண்டர்டு, தெரிந்துகொள்ள வேண்டியது பயன்படுத்துபவர் பொறுப்பு" என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஸ்டாண்டர்டு எழுதுகிறவர்களே மனம் மாறிவிட்டார்களே! 2008-ல் வந்த பைதான் 3-ல், புரோகிராமில் 010 என்று எழுதினால் பிழை என்று நின்றுவிடும். எட்டின் அடிமானம் வேண்டும் என்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆங்கில ஓ எழுத்தைப் போட்டு வெளிப்படையாகக் கேட்க வேண்டும். இணையப் பக்கங்களில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுத்தை எண்ணாக மாற்றும் பங்ஷன் முன்பு 08-ஐ 0 என்று படித்துக்கொண்டிருந்தது. 2009-ல் வந்த பதிப்பில் அதைத் திருத்தினார்கள்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் 08+1 என்று கொடுத்துப் பாருங்கள். செல்லாத எண் என்று செய்தி காட்டி நின்றுவிடும். மாதத்தின் எண்ணைக் கொண்டு இதே கட்டளையால் கணக்குப் போடும் பேட்ச் பைல் ஒன்றை யாராவது எழுதியிருந்தால், அது ஜூலை வரை ஒழுங்காக ஓடும், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் படுத்துக்கொள்ளும், அக்டோபரில் தானாகவே எழுந்துவிடும். வேடிக்கைதான். ஆனாலும் 050-ஐ நாற்பது என்று சத்தமில்லாமல் கூட்டுவதைவிட, முடியாது என்று சொல்லி நிற்பது எவ்வளவோ மேல்.

என் புரோகிராமில் 0-ஐ 10 என்று மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கமாதான் இரண்டு நாள் எடுத்தது. சோதனைக்காக 1,250 என்று அடித்தேன். 1 என்று படித்தது. கமாவைக் கண்டதும் நின்றுவிட்டது. விண்டோஸ் கட்டளையில் 1,25,000+500 என்று கொடுத்தால் 500 வரும். அது கமாவை இரண்டு கணக்குகளுக்கு நடுவே உள்ள பிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, கடைசிக் கணக்கின் விடையைக் காட்டும். ஜெர்மனியில் 12,50 என்றால் பன்னிரண்டரை. ஆக, கமாவுக்கு ஊருக்கு ஒரு பொருள்.

"கமாவை எல்லாம் அழித்துவிட்டுப் படித்தால் போதுமே" என்றார் உடன் வேலை பார்க்கும் நண்பர். போதாது. 50 என்று அடித்துவிட்டு என்டருக்குப் பதில் தவறிக் கமாவைத் தட்டி 80 அடித்தால் 50,80 ஆகும். கமாவை அழித்தால் 5080! சித்திக்கு அப்புறம் தூக்கம் வருமா? ஆகவே நம் முறைப்படி கமா இருந்தால் மட்டுமே ஏற்கிறேன். அதாவது கடைசியில் மூன்று இலக்கம், அதற்கு முன் இரண்டிரண்டாக. 1,25,000 செல்லும். 50,80 செல்லாது. செல்லாத எண் வந்தால் அது எத்தனையாவது எண், என்ன அடித்தார்கள் என்பதைத் தமிழில் காட்டி, திருத்திய பிறகே அடுத்த எண்ணுக்குப் போகும்.

புதிய புரோகிராமைக் கொடுத்த மறு வாரமே அது ஏழாவது எண்ணில் நின்றது. சித்தி போன் செய்யவில்லை. திரையில் காட்டியதை உற்றுப் பார்த்திருக்கிறார். 100-ல் பூஜ்யத்துக்குப் பதில் இரண்டு இடத்திலும் ஆங்கில ஓ எழுத்தை அடித்திருந்தார். பழைய புரோகிராமாக இருந்தால் 1 என்று கூட்டிக்கொண்டு போயிருக்கும். அவரே திருத்தி, மொத்தத்தைப் பெட்டியில் இருந்த பணத்தோடு சரிபார்த்துவிட்டுத் தூங்கப் போய்விட்டாராம்.