குரங்குக்கும் குழந்தைக்கும் போட்டி!

இரண்டு வயதுக் குழந்தை "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுகிறது. பெற்றோருக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்கள் பிள்ளை மகா கெட்டிக்காரன்!" என்கிறார்கள்.

பெருமைப்பட வேண்டியது அதற்காக அல்ல. ஏன்?

ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர். வாலில்லாக் குரங்குகளான சிம்பன்சிகள் 106, உராங்உட்டான்கள் 32. எல்லோருக்கும் ஒரே பரீட்சை! முடிவு 2007-ம் ஆண்டு வெளிவந்தது.

ஒளித்து வைத்த பொருள் எங்கே? எதில் அதிகம் இருக்கிறது? எட்டாத பொருளைக் குச்சியால் இழுப்பது எப்படி? இதில் எல்லாம் சிம்பன்சி, குழந்தைக்குச் சளைக்கவில்லை!

அடுத்த பரீட்சையில்தான் குட்டு வெளிப்பட்டது.

குழாய்க்குள் ஒரு பரிசு. அதை எடுக்கும் விதத்தை ஒருவர் செய்து காட்டினார். குழந்தை பார்த்தது. அதே மாதிரி செய்தது. பரிசை எடுத்துக்கொண்டது. குரங்குகளோ குழாயைக் கடித்தன, உடைக்கப் பார்த்தன!

பரிசு இருக்கும் இடத்தை விரலால் சுட்டிக் காட்டியபோதும் குரங்குகள் திண்டாடின. இந்தப் பகுதியில் குழந்தைகளுக்கு நூற்றுக்கு 74. குரங்குகளுக்கு 33 முதல் 36 வரைதான்.

அப்படியானால், பிறர் மனம் சிம்பன்சிக்குத் தெரியாதா? தெரியும். 2000-ம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையில், பலசாலிக் குரங்கின் கண்ணில் படாத தீனி எது என்று பார்த்து, நோஞ்சான் குரங்கு அதை எடுத்துக்கொண்டது. பலே திருடன்! ஆனால், பிறர் நல்லெண்ணத்தோடு காட்டிக் கொடுத்தால் அதற்கு விளங்குவதில்லை.

சாரா ஹிர்டி என்ற அமெரிக்க அம்மையார் ஒரு காரணம் சொல்கிறார். சிம்பன்சித் தாய், பிறந்த குட்டியைப் பல மாதங்கள் யாரிடமும் கொடுப்பதில்லை. ஆதிமனிதனின் குழந்தையோ பாட்டி, அத்தை, அக்காள் என்று கை மாறி வளர்ந்தது. எந்த முகத்தில் அன்பு, எந்த முகத்தில் எரிச்சல் என்று அது கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் மனித மனம் வளர்ந்தது என்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இப்போது நாம் என்ன செய்கிறோம்? சோறு ஊட்டும்போது செல்போனைக் கொடுத்துவிடுகிறோம். குழந்தை வாயைத் திறக்கிறது. தாயின் முகத்தைப் பார்ப்பதில்லை.

செல்போன் எண்ணக் கற்றுத் தரும். பாட்டும் பாடும். ஆனால், "அதோ நிலா!" என்று நாம் விரல் நீட்டும்போது குழந்தை என்ன செய்கிறது, கவனித்தீர்களா? நிலாவைப் பார்க்கிறது. உடனே திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. "நீயும் பார்த்தாயா?" என்று கேட்பது போல!