சனிக்கிழமைக் கணக்கு
மிகோனோஸ், சாந்தோரினி, ஏழே நாளில் என்று வாடகைப் பாய்மரப் படகுக்கு ஒரு விளம்பரம். படத்தில் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் மெல்தெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் வீசும் என்பது படத்தில் தெரியாது. வாடகை உச்சத்தில் இருப்பதும் அதே மாதங்களில்தான்! அங்கே படகை வாடகைக்கு விடும் வழக்கம் சனி முதல் சனி வரை. போன படகு காற்றுக்கு அஞ்சி ஏதோ தீவில் ஒதுங்கிவிட்டால், கரையில் பெட்டியோடு நிற்கும் அடுத்த குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? கிழிந்த பாய்க்கும் திருப்பித் தரும் முன்பணத்துக்குமே லாபம் சரியாகப் போகும். நான் படகுக்காரனாக இருந்தால் கிரேக்கத்தின் மேற்கே, அயோனியன் கடலில் இருக்கும் லெஃப்காடா தீவில்தான் கட்டிப்போடுவேன். அந்தப் பக்கம் கோடையில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் காற்று எழும், பொழுது சாய்ந்தால் அடங்கிவிடும். புகைப்படத்துக்குக் கொஞ்சம் சுமார்தான். ஆனால் படகு வெள்ளிக்கிழமை மாலையே துறைக்கு வந்துவிடும்.