பச்சிலைதானே!

"பச்சிலைதானே, என்ன செய்துவிடும்?" என்பவர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் செம்மறியாடுகளைக் காட்ட விரும்புகிறேன். 1940-களில் அங்கே கிளோவர் என்னும் பூண்டை வயிறார மேய்ந்த ஆடுகள் பல மலடாகிவிட்டன. 1946-ல் பென்னெட்ஸ் முதலியோர் இதை வெளியிட்டார்கள். அப்பூண்டிலுள்ள பார்மனோனெடின் என்னும் சத்து, ஆட்டின் முன்வயிற்றில் ஈக்வாலாக மாறி, பெண்மைச் சுரப்பான ஈஸ்ட்ரோஜனைப் போல் வேஷம் போடுகிறது.

வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழியுண்டு. அண்டாசயம் நீக்கப்பட்ட எலிக்குச் சாற்றைச் சில தினங்கள் கொடுத்து, பிறகு அதன் கர்ப்பாசயத்தை நிறுத்துப் பார்ப்பார்கள். (எலியின் பாடுதான் பரிதாபம்!) கனம் ஏறியிருந்தால் சாற்றுக்கு அக்குணம் உண்டு.

ஆனால் மாடுகளுக்கு அதே பூண்டு அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஆகவே எலிக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேருமென்று துணிந்து சொல்ல இயலாது. நேராதென்றும் சொல்ல இயலாது. பிள்ளைப்பேற்றுக்கென்று என் தங்கைக்கு யாரோ கொடுத்தனுப்பிய பச்சிலைச் சூரணம், டாக்டரைக் கேட்கும் வரையில் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.